அடிமாட்டு விலை

1

கால்நடைப் பாடப் புத்தகங்களில் இந்திய மாடுகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பால் மாடு, உழைப்பு மாடு, இரண்டுக்கும் ஆகிற மாடு. சிந்தி, சாகிவால், கிர் எல்லாம் முதல் வகை. காங்கேயம், ஆலம்பாடி, பர்கூர், உம்பளாச்சேரி, புலிக்குளம் இரண்டாம் வகை. ஓங்கோல், ஹரியானா மூன்றாம் வகை. நாலாவது வகை கிடையாது. கறிக்கென்று ஒரு மாட்டினம் இந்த நாட்டின் பட்டியலில் இல்லை.

ஆனால் கறி இருக்கிறது. கோடிக்கணக்கான பேர் தின்கிறார்கள். அந்தக் கறி எந்த மாட்டிலிருந்து வருகிறது? மேலே சொன்ன மூன்று வகையிலிருந்தும்தான். பால் வற்றியது, ஏர் இழுக்க முடியாதது, கால் ஒடிந்தது, சினை பிடிக்காதது. வாழ்நாள் முழுக்க இன்னொருத்தருக்கு உழைத்து ஓய்ந்தபின் மிச்சமாக இருக்கிற உடம்புதான் நம் சட்டிக்கு வருகிறது. வருணம் நாலு என்று எழுதிவிட்டு அதற்கு வெளியே அஞ்சாவதாக நம்மைத் தள்ளி வைத்த அதே மூளை, மாட்டுக்கும் வகை பிரித்து, நாம் தின்கிற மாட்டைப் பட்டியலுக்கே வெளியே தள்ளி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட மாட்டுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: அடிமாடு. அதிலிருந்து பிறந்த வழக்கும் எல்லாருக்கும் தெரியும். நிலத்தையோ நகையையோ தரித்திரத்தில் விற்கிறவன், "அடிமாட்டு வெலக்கி கேக்குறாம்பா" என்பான். எதற்கும் உதவாத விலை என்று அர்த்தம். நாம் தின்கிற பண்டத்தின் பெயர், மொழியில் மலிவின் அளவுகோலாகிப்போனது.

மாட்டுக்கறி தின்னலாமா கூடாதா என்று நூறு வருசமாகப் பேசியாயிற்று. 1990களில் தலித் பண்பாடு பற்றிய விவாதங்களில் மாட்டுக்கறியை எதிர்ப்பண்பாட்டின் அடையாளமாக நிறுத்தினோம். அது தேவையாக இருந்தது. ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் சரியாகக் கேட்கவில்லை. தின்கிற கறி நல்ல கறியாக இருக்க வேண்டாமா? கறிக்காகவே நல்லபடியாக மாடு வளர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமா? அப்படிக் கேட்டால் நாம் எதை ஒப்புக்கொண்டவர்களாகிறோம்? இது சமையல் விவகாரம் மாதிரித் தெரியலாம். அறம் சம்பந்தப்பட்ட கேள்வி என்பது என் எண்ணம்.

2

மொரப்பூர் சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் ரயில் நிற்கிற ஊர். 1906இல் இங்கிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் போட்டார்கள். பிறகு அது ஓசூர் வரைக்கும் போனது. யுத்த காலத்தில், 1941இல், அதை நிறுத்தினார்கள். சுற்றுவட்டம் வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, கொள்ளு, சோளம், நிலக்கடலை, மரவள்ளி. மாடு இல்லாமல் இங்கே விவசாயம் நடந்ததில்லை. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குச் சொந்த ஏர் கிடையாது. ஊர்க்காரர் வீட்டு மாட்டை மேய்த்தோம், ஓட்டினோம், சாணி அள்ளினோம். செத்தால் இழுத்துக்கொண்டு போனோம். தோலை உரித்தோம். மாட்டின் முழு ஆயுளும் நம் கைப்பட நடந்தது. மாடு மட்டும் நமதில்லை.

இன்றைக்குச் செத்த மாடு தின்பது போய்விட்டது. கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் கடைக்கு வருகிற மாடு எது? சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கம் தெரிந்ததுதான். இளமாடு, பால் மாடு, காளைக்கன்று எல்லாம் விவசாயி கைக்கும் பால்காரர் கைக்கும் போகும். எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்துபோனது கடைசியாக நிற்கும். அதிலும் கொஞ்சம் சதைப்பற்று இருப்பதை லாரியில் ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்பிவிடுவார்கள். லாரியில் ஏற்றவும் தேறாததுதான் உள்ளூர்க் கறி.

எங்கள் பெரியப்பா ஒருத்தர் சொல்வார்: "பல்லு போன மாட்ட அறுத்து பல்லு போன எங்கிட்ட குடுத்தா நான் எப்பிட்றா மெல்றது? ரெண்டு பேருக்கும் வயசு ஒண்ணுதான்டா." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பில் கணக்கு இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கொல்லையில் உழைத்து ஓய்ந்தவர்கள்.

நம் வீட்டுப் பெண்கள் இந்தச் சக்கைக் கறியோடு மல்லுக்கட்டியே ஒரு விஞ்ஞானத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பப்பாளிக்காயைச் சீவிப் போடுவது, கொட்டாங்கச்சித் துண்டை உலையில் போடுவது, தண்ணி சுண்டச் சுண்ட ஊற்றி மூணு மணி நேரம் வேகவைப்பது, மெல்லிசாக வார்ந்து உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்து இடித்து வதக்குவது. பப்பாளிக்காயில் இருக்கிற பப்பேன் என்கிற நொதி சதை நாரை அறுக்கும் என்று இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் சொல்கிறார்கள். எங்கள் அம்மாக்களுக்கு நொதி தெரியாது. வேகாத கறியைப் பிள்ளை துப்பும் என்பது தெரியும்.

கறி ஏன் சக்கையாகிறது? இதற்கு இறைச்சி விஞ்ஞானம் சொல்கிற காரணங்கள் நாலு. ஒன்று வயசு. வயசு ஏற ஏற சதையைக் கட்டியிருக்கிற கொலாஜன் என்கிற நாரில் முடிச்சு இறுகும். வெந்தாலும் அவிழாது. இரண்டு, தீவனம். இடைவிடாமல் தின்று சீராக வளர்ந்த மாட்டின் சதை வேறு. கோடையில் காய்ந்து மழையில் தேறி மறுபடி காய்ந்த மாட்டின் சதை வேறு. மூன்று, அறுப்பதற்கு முன் மாடு படுகிற பாடு. தண்ணியில்லாமல், படுக்க இடமில்லாமல், ஒன்றோடு ஒன்று நெருக்கி நின்று ராத்திரியெல்லாம் லாரியில் வந்த மாட்டின் சதையில் கிளைக்கோஜன் என்கிற சேமிப்பு தீர்ந்துபோகிறது. அறுத்தபின் சதை புளிக்க வேண்டிய அளவு புளிக்காமல் கறுத்து, வறண்டு, சீக்கிரம் கெடும். நான்கு, அறுத்தபின் வைக்கிற முறை. குளிரில் பத்துப் பதினாலு நாள் வைத்தால் சதையில் உள்ள நொதிகளே நாரை இளக்கிவிடும். விடிகாலை அறுத்து எட்டு மணிக்கு விற்றுத் தீர்க்கிற கூறுகறிக்கு அந்த அவகாசம் கிடையாது.

இந்த நாலில் ஒன்றுகூட மாட்டின் விதி இல்லை. நாலும் மனுசன் எடுத்த முடிவு. மாட்டுக்கறி சக்கை, நாறும், கீழானது என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் சொல்கிறார்களே, அந்தக் கீழ்மையைத் தயாரித்ததே அவர்களுடைய ஏற்பாடுதான். குளத்தில் தண்ணி எடுக்க விடாமல் செய்துவிட்டு அழுக்கானவன் என்று சொன்னது போன்றதுதான் இது.

3

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில், தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியில் தேடினார். ஒரு காலத்தில் எல்லோரும் தின்றார்கள். பிறகு மேலே இருந்தவர்கள் பௌத்தத்தோடு நடந்த போட்டியில் விட்டுவிட்டார்கள், பசுவைப் புனிதமாக்கினார்கள். சிதறுண்ட மக்கள் மட்டும், கொல்ல வசதியின்றி, செத்த மாட்டைத் தின்கிற நிலையில் நின்றுபோனார்கள். அவர்கள் தீண்டப்படாதவர்களானார்கள். இந்த வாதத்தில் நாம் கவனிக்க மறந்த ஒரு நுணுக்கம் உண்டு. கொன்ற மாடு வேறு, செத்த மாடு வேறு என்று அவர் பிரிக்கிறார். அதாவது மாட்டுக்கறி தின்பதும் தின்னாததும் ஒரு பிரிவினை. எந்த நிலையில் உள்ள மாட்டின் கறியைத் தின்ன விடப்பட்டோம் என்பது இன்னொரு பிரிவினை. தரம் பற்றிய கேள்வி அங்கேயே இருக்கிறது. 1927இல் மகாடில் செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று அவர் சொன்னதும் இதனால்தான். எறிந்ததைப் பொறுக்காதே என்பதே அதன் சாரம்.

சுதந்திர இந்தியாவின் சட்டம் என்ன செய்தது? அரசியலமைப்பின் 48ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கால்நடை வளர்ப்பை நவீன, விஞ்ஞான முறையில் அமைக்க வேண்டும், மாட்டினங்களைக் காத்து மேம்படுத்த வேண்டும், பசுக்களையும் கன்றுகளையும் பால் தருகிற, உழைக்கிற மற்ற கால்நடைகளையும் கொல்வதைத் தடுக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. விஞ்ஞானமும் புனிதமும் ஒரே வாக்கியத்தில் குடும்பம் நடத்துகின்றன. மேம்படுத்துவது என்றால் எதற்காக மேம்படுத்துவது? பாலுக்கு, உழைப்புக்கு. கறி தின்கிறவன் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.

தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் 1958இல் வந்தது. பத்து வயசுக்கு மேற்பட்டு, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கற்றுப்போன மாடு என்றோ, காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்றிதழ் கிடைத்தால்தான் அறுக்கலாம். 1976இல் அரசு ஆணை ஒன்று பசு, கிடேரி அறுப்பை முற்றாகத் தடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? இளமாட்டைக் கறிக்காக அறுப்பது குற்றம். கிழடும் நோயும் ஊனமும் தின்னலாம். கடையில் நடப்பது எப்படியும் இருக்கட்டும். சட்டம் தன் எழுத்தில் நமக்கு விதித்திருப்பது சக்கையைத்தான். வேறு எந்த உணவுக்காவது இப்படிச் சட்டம் உண்டா? பதமாக முற்றிய கத்தரிக்காயை விற்காதே, சொத்தையை மட்டும் விற்றுக்கொள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

அதே 1958இல் உச்சநீதிமன்றம் ஹனீப் குரேஷி வழக்கில் பசு, கன்று தடையை ஏற்றுக்கொண்டது. உழைப்புக்கு உதவாமல் போன காளை, எருதுகளை அறுக்கலாம் என்றது. ஏழைகளின் மலிவான உணவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2005இல் குஜராத் வழக்கில் அந்தக் கதவையும் மூடியது. கிழமாடும் சாணியும் மூத்திரமும் தருகிறது, ஆகவே உபயோகமற்றது என்று சொல்ல முடியாது என்பது வாதம். கவனியுங்கள். ஒரு மாட்டின் சாணிக்கு இருக்கிற மதிப்பு, அதைத் தின்கிற மனுசனின் வயிற்றுக்கு இல்லை. 2017 மே மாதம் மத்திய அரசு சந்தைகளில் மாடுகளை அறுப்புக்கு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்து, மாட்டுக்கறி பிரியாணியை மட்டும் விலக்கியபோது தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. விழாவே தள்ளிப்போனது. ஆம்பூர் மொரப்பூரிலிருந்து அதிக தூரமில்லை.

4

சரி, கறிக்கென்று மாடு வளர்ப்பது இந்த வெயில் பூமியில் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது. நம் மாட்டை வைத்தே நடந்திருக்கிறது, நம் மண்ணில் இல்லை.

பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பகுதி மாடுகளை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1960களின் ஆரம்பம் வரைக்கும் பிரேசிலுக்குக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பிய மாடு அங்கே வெயிலிலும் உண்ணியிலும் செத்து விழுந்துகொண்டிருந்தது. நம் மாட்டுக்குத் தளர்ந்த தோல், நல்ல வியர்வை, குட்டையான வெளிர் மயிர், உண்ணியைத் தாங்குகிற உடம்பு. காய்ந்த புல்லையும் தின்று உயிர் பிழைக்கும். பிரேசில்காரர்கள் அதற்கு நெலோர் என்று பெயர் வைத்து, கறிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இன்றைக்கு அந்த நாட்டின் இருபது கோடிக்கும் மேற்பட்ட மாடுகளில் பெரும்பகுதிக்கு நெல்லூர் ரத்தம். 2023இல் ஒரு நெலோர்ப் பசுவுக்கு ஏலத்தில் விழுந்த மதிப்பு நாற்பது லட்சம் டாலருக்கும் மேல். அன்றைக்கு உலகத்திலேயே விலை கூடிய பசு அது. அதன் முப்பாட்டி நெல்லூர்க் கரிசலில் ஏர் இழுத்தவள். அமெரிக்காவின் பிராமன் மாடும் நம் கிர், ஓங்கோல் வகைகளின் கலப்பில் உருவானதுதான். பெயரைப் பாருங்கள்: பிராமன். கறிக்காக வளர்க்கிற மாட்டுக்கு அந்தப் பெயரை வைத்த அமெரிக்கனுக்கு நம் ஊர் நகைச்சுவை தெரிந்திருக்காது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நல்ல இனம் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த மண்ணுக்கு, இந்த வெயிலுக்கு, இந்தத் தீவனத்துக்கு, இந்த வேலைக்கு நல்லது என்றுதான் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் மாடு அங்கே வெண்ணெய் மாதிரிக் கறி தரும். சித்திரை வெயிலில் மொரப்பூரில் கட்டினால் நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கும். நம் திமில் மாட்டின் சதையில் நாரை இளக்கும் நொதியைத் தடுக்கிற கால்பாஸ்டாட்டின் கூடுதல் என்பதால் கறி கொஞ்சம் கெட்டி. ஆனால் அந்த இனத்துக்குள்ளேயே ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. பொறுக்கி எடுத்து வளர்த்தால் இளகும். இரண்டையும் கலந்து டெக்சாசில் சாந்தா ஜெர்ட்ரூடிஸ் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். எட்டில் அஞ்சு பங்கு ஷார்ட்ஹார்ன், மூணு பங்கு பிராமன். 1940இல் அதைத் தனி இனமாக ஏற்றார்கள். அதாவது கெட்டித்தன்மை தலையெழுத்து இல்லை. தேர்ந்தெடுக்க ஆள் இல்லை என்பதே விசயம்.

நம் தர்மபுரிச் சீமையின் சொந்த மாடு ஆலம்பாடி. பென்னாகரம் பக்கத்துக் காவிரிக் காட்டோரத்து ஊரின் பேரைத் தாங்கியது. சாம்பல் நிறம், நெட்டைக் கால், கல்லாங்காட்டில் உழவும் வண்டிக்கும் பேர்போனது. பால் குறைவு. காட்டில் பட்டி போட்டு மேய்த்து வளர்த்தார்கள். டிராக்டர் வந்ததும் உழைப்புக்கு வேண்டாததாயிற்று. அரசு ஜெர்சி ஊசி போட்டுக் கலப்பினத்தைப் பரப்பியது, பாலுக்காக. காட்டில் மேய்ச்சலும் சுருங்கிப்போனது. இப்போது ஆலம்பாடி அழிகிறது என்று கால்நடைப் பல்கலைக்கழகம் தர்மபுரி மாவட்டத்தில் அதற்கென ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் உழவும் போய், பாலும் இல்லாத மாட்டை எதற்காகக் காப்பது என்ற கேள்விக்கு அவர்கள் தருகிற பதிலில் பெருமை, பாரம்பரியம், சாணி எல்லாம் வரும். கறி என்ற சொல் வராது. வேலையில்லாத இனம் பொருட்காட்சியில்தான் மிஞ்சும். நெலோர் மிஞ்சியதற்கும் பெருகியதற்கும் காரணம், தின்கிறவர்கள் அதை மதித்தது.

5

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மாட்டினம் பேசப் பேச, அந்தப் பேச்சு மனுசன் பக்கம் திரும்பிவிடும். இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் 18ஆம் நூற்றாண்டில் ஏர் இழுத்த மாட்டை நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் கறி மாடாக்கினார். 1822இல் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு வம்சாவளிப் புத்தகம் அச்சாயிற்று. தாய் யார், தகப்பன் யார், தூய்மையானதா என்று பதிவேடு. நம் நாட்டில் அந்தப் பதிவேடு மாட்டுக்கு வருமுன்பே மனுசனுக்கு எழுதி வைத்திருந்தார்கள். அகமணம் என்று அதற்குப் பெயர். சாதியின் உயிர்நாடி அதுதான் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதினார்.

2012 நவம்பர் 7 அன்று இதே தர்மபுரி மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய் வட்டாரத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். ஒரு சாதி கடந்த கல்யாணம் காரணம். ரத்தம் கலக்கக் கூடாது என்று பேசியவர்கள் வீட்டுக் கொட்டகையில் அன்றைக்கும் ஜெர்சிக் கலப்பு மாடுதான் கட்டியிருந்திருக்கும். மாட்டில் கலப்பு லாபம், மனுசனில் கலப்பு பாவம். ஆனாலும் "பாருங்கள், கலப்பு மாடு வீரியமானது, ஆகவே கலப்பு மணம் நல்லது" என்று நாம் பதில் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் மனுசனையும் இனவிருத்திக் கணக்கில் நிறுத்துகிறோம். சாதி கடந்து கட்டிக்கொள்வதற்குக் காரணம், இரண்டு பேருக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டுமே. தரம் பார்ப்பது கறிக்குச் சரி. மனுசனுக்குத் தரம் பார்க்கிற நாக்கே அழுகின நாக்கு.

6

ஆக, கறிக்கென மாடு வளர்க்க வேண்டும், நல்ல கறி வேண்டும் என்று கேட்டு முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. ஜப்பானைப் பாருங்கள்.

ஜப்பானில் கி.பி. 675இல் பேரரசர் தென்மு பௌத்தத்தின் பேரால் மாட்டுக்கறியைத் தடுத்தார். மாடு உழவுக்குத்தான். செத்த மாட்டைத் தூக்குவது, தோல் பதனிடுவது, அறுப்பது எல்லாம் ஒரு பிரிவினர் மேல் விழுந்தது. பிற்காலத்தில் புராகுமின் என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். தீட்டுப்பட்டவர்கள், தனிக் குடியிருப்பு, தனிக் கல்யாணம். நம் கதையின் மறுபதிப்பு. 1871இல் சட்டப்படி அந்த இழிவை ரத்து செய்தார்கள். 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டுக்கறி தின்றது நாடறியச் செய்யப்பட்டது. அதுவரை சேற்றில் ஏர் இழுத்த மாட்டை ஐரோப்பிய மாட்டோடு கலந்து, பிறகு தங்களுக்குள்ளேயே பொறுக்கி வளர்த்து வாக்யு என்கிற இனத்தை உண்டாக்கினார்கள். சதைக்குள் கொழுப்பு பளிங்குக் கோடு மாதிரி ஓடும். உலகத்திலேயே விலை கூடிய கறிகளில் ஒன்று அது.

கறி மேலே போயிற்று. அறுத்தவர்கள்? டோக்கியோவின் ஷிபாவுரா அறுப்புக்கூடத் தொழிலாளர்களுக்கு நம் காலத்திலும் வசைக் கடிதங்கள் வந்தபடி இருந்திருக்கின்றன. கறியின் தீட்டு நீங்கியது. கையின் தீட்டு நீங்கவில்லை. தரம் உயர்ந்ததும் கறி, அதைக் காலங்காலமாகத் தின்றவர்களின் விலைக்கு எட்டாமல் போனது.

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பண்டத்தின் தரத்தை உயர்த்தினால் மனுசனின் தரம் தானாக உயர்ந்துவிடும் என்பது பொய். பறையை மேடையேற்றி, அடித்தவரைக் கீழே நிறுத்தியதைப் பார்த்திருக்கிறோம். நாளைக்கே இங்கே மாட்டுக்கறி நட்சத்திர ஓட்டலில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரிமாறப்பட்டால், வளர்க்கிற பண்ணை யாருடையதாக இருக்கும்? ஏற்றுமதி செய்கிற கம்பெனி யாருடையதாக இருக்கும்? கத்தி மட்டும் நம் ஆள் கையில் இருக்கும். அப்போதும் நமக்குக் குடலும் நெஞ்செலும்பும்தான். ஆகவே நல்ல கறி என்ற கோரிக்கை, நிலமும் மாடும் யாருடையது என்ற கோரிக்கையோடு சேர்ந்தே வர வேண்டும். பஞ்சமி நிலத்தைக் கேட்கிற வாய்தான் இதையும் கேட்க முடியும்.

7

இன்னொரு எதிர்வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நம் தோழர்களிடமிருந்தே வருவது அது. பௌத்தம் பேசுகிற ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நம்மள ஒடம்பாவே வெச்சி வேல வாங்குனானுங்க. நீங்க இன்னொரு உயிர கறியாவே பொறக்க வைக்கணும்ங்கிறீங்க. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

தட்டிவிடக் கூடிய கேள்வி இல்லை. மாடு தனக்கென்று வலியும் பயமும் உள்ள உயிர். அதைச் சதையின் அளவுகோலாக மட்டும் பார்க்கிற பண்ணைகள் உலகத்தில் உண்டு. மனுசன் தின்கிற சோளத்தைக் கொட்டி, நடக்க விடாமல் அடைத்துக் கொழுக்க வைக்கிறார்கள். பிரேசிலில் மாட்டு மேய்ச்சலுக்காக அமேசான் காட்டையே அழிக்கிறார்கள். காட்டில் இருக்கிற பழங்குடிகளை விரட்டுகிறார்கள். நெல்லூர் மாட்டின் வெற்றிக்கு அந்த விலையும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நாம் நேர்மையற்றவர்களாவோம். தொதுவரையும் மலையாளிகளையும் இருளரையும் மேய்ச்சல் காட்டிலிருந்து விரட்டி வருகிற கறி நமக்கு வேண்டாம்.

ஆனால் தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான். பாலுக்காகப் பிறக்க வைப்பது மட்டும் அகிம்சையா? கன்று போடாமல் பசு கறக்காது. போடுகிற கன்றில் பாதி காளை. முன்பெல்லாம் அது ஏருக்குப் போனது. இப்போது ஏர் இல்லை. கலப்பினக் காளைக்கன்றுக்கு உழைக்கிற உடம்பும் இல்லை, திமிலும் இல்லை. அறுக்கவும் சட்டம் விடாது. என்ன ஆகிறது? தாய் மடியில் பால் விடாமல் கட்டிப்போட்டு, நாலைந்து நாளில், ஒரு மாசத்தில், அது காய்ந்து சாகிறது. அல்லது ரோட்டில் அவிழ்த்து விடப்படுகிறது. யாரும் கொல்லவில்லை. கத்தி படவில்லை. புனிதம் காப்பாற்றப்பட்டது. இப்போது அரசே கோகுல் திட்டத்தில் பாலினம் பிரித்த விந்து தருகிறது, காளைக்கன்று பிறக்கவே வேண்டாம் என்று. பிறக்க விடாமல் தடுப்பதும் பிறந்ததைப் பட்டினி போடுவதும் பசு பக்தி. அதே கன்றை இரண்டு வருசம் வயிறாரத் தீனி போட்டு, வெயிலில் ஓட விட்டு வளர்த்து, ஒரு நொடியில் முடித்துத் தின்றால் பாவம். எது அந்தக் கன்றுக்கு நல்ல வாழ்க்கை?

தின்கிறவன் மதித்தால்தான் மாடு நன்றாக வாழும் என்பது வறட்டு வாதமாகத் தோன்றலாம். இறைச்சி விஞ்ஞானமே அதற்குச் சாட்சி சொல்கிறது. பயந்து, தாகித்து, மிதிபட்டு வந்த மாட்டின் கறி கெடும் என்று மேலே எழுதினேன். பசியில்லாமல் வளர்ந்து, தூரம் போகாமல், கலவரப்படாமல் முடிந்த மாட்டின் கறிதான் இளகும். தின்கிறவனின் நாக்கும் மாட்டின் நிம்மதியும் இந்த ஒரு இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. தின்னவே வேண்டாம் என்று முடிவெடுக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. அந்தத் தம்பி இன்றைக்கும் தின்பதில்லை. எங்களுக்குள் சண்டையும் இல்லை. ஆனால் அவர் தின்னாததற்கு எருமைக்கும் கோழிக்கும் மாட்டுக்கும் ஒரே காரணம் வைத்திருக்கிறார். ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டு மாட்டுக்கு அழுகிறவரின் காரணம் சாதி.

8

அப்படியானால் நாம் கேட்பது என்ன? கொழுப்பு பளிங்கு மாதிரி ஓடுகிற கறி வேண்டாம். இளமாட்டை அறுப்பது குற்றம் என்கிற விதி போக வேண்டும். காளைக்கன்றை வளர்க்கிறவருக்கு, பால் மாட்டுக்குக் கிடைக்கிற கடனும் தீவனமும் மருத்துவமும் கிடைக்க வேண்டும். அதை வளர்க்கிற கைகளில் நம் கைகளும் இருக்க வேண்டும், சொந்த மாடாக, சொந்த நிலத்தில். ஆலம்பாடி மாதிரி வெயிலுக்கும் கல்லுக்கும் பழகிய இனங்களைப் பாதுகாக்கிற மையங்கள் அந்த இனத்தின் கறி எப்படி என்றும் பார்க்க வேண்டும். அதைத் தின்று பழகியவர்களைக் கேட்க வேண்டும். மாடு ஆயிரம் மைல் லாரியில் நின்று வராமல், வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில், தண்ணியும் நிழலும் உள்ள சுத்தமான அறுப்புக்கூடத்தில் முடிய வேண்டும். அங்கே வேலை செய்கிறவருக்கு மற்ற அரசு ஊழியருக்குள்ள சம்பளமும் மரியாதையும் வேண்டும். அந்த வேலை ஒரு சாதியின் வேலையாக இருக்கக் கூடாது.

இதெல்லாம் பெரிய ஆசையா? பால் குடிக்கிறவருக்காக இந்த நாடு எழுபது வருசமாகச் செய்து வருகிற அக்கறையில் ஒரு பங்குதான் இது. 1970இல் வெண்மைப் புரட்சி என்று தொடங்கி, விந்து வங்கியும் குளிர் நிலையமும் கூட்டுறவுச் சங்கமும் ஊர் ஊராக வைத்தார்கள். ஒரு லிட்டர் பாலில் எத்தனை சதம் கொழுப்பு என்று அளக்க ஒவ்வொரு ஊரிலும் கருவி இருக்கிறது. ஒரு கிலோ கறி எத்தனை வயசு மாட்டினது என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. பால் குடிக்கிற வாயும் கறி தின்கிற வாயும் ஒரே குடியுரிமை உள்ள வாய்கள் என்று அரசு நினைக்கவில்லை. அளப்பதற்கான கருவியை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, யாரை மனுசராக எண்ணுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தின்னும் உரிமைக்காகப் போராடியாயிற்று, இன்னும் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் மிச்சத்தைத் தின்னும் உரிமை முழு உரிமை ஆகாது. இளசைக் கேட்கும் தைரியமும் சேர்ந்து வர வேண்டும். மொழியில் 'அடிமாட்டு விலை' என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறுகிற நாள் வரைக்கும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.